88-க்கு முன்னால் 42 இருந்தது

உங்க போன்லயோ கார்லயோ எஃப்.எம். ரேடியோவைத் திறந்து ஒரு தடவை ஸ்கேன் போட்டுப் பாருங்க. 88 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆரம்பிக்கும், 108-ல் முடியும். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் இதே கதைதான். சரி, ஏன் 88? ஏன் 42 இல்ல, 60 இல்ல? இதுக்கு விடையை ஃபிசிக்ஸ் புத்தகத்தில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி ஒரு மனிதரோட வாழ்க்கையில் இருக்கு.

எஃப்.எம். முதலில் குடியிருந்த வீடு 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த வீட்டைக் கட்டியவர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். நிலாவுக்குப் போன ஆர்ம்ஸ்ட்ராங் இல்ல, இவர் வேற. இவர் பெயர் தெரியாவிட்டாலும் இவர் வேலை உங்களுக்குத் தெரியும். அனலாக் கம்யூனிகேஷன் பேப்பரில் பார்ட் பி-யில் 13 மார்க்குக்கு வருமே சூப்பர்ஹெட்ரொடைன் ரிசீவர், அந்த பிளாக் டயகிராம் இவருடையது. ஃபீட்பேக் கொடுத்து ஆஸிலேட்டர் செய்கிறோமே, அதிலும் இவர் கை இருக்கு. வைட்பேண்ட் எஃப்.எம். முழுக்க முழுக்க இவர்தான். ஒரே ஆள், மூணு யூனிட். ஆனால் அந்த டயகிராமைப் போடும்போது அவர் என்ன ஆனார் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

யாங்கர்ஸ் பையன்

ஆர்ம்ஸ்ட்ராங் 1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தவர். அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். சின்ன வயதில் அவருக்கு உடம்பு தானாக உதறும் ஒரு நரம்பு நோய் வந்தது. அதனால் பள்ளிக்கூடமே போகாமல் வீட்டிலேயே இருந்து படிக்க வேண்டியதாயிற்று. நோய் போனாலும், பதற்றம் வந்தால் தோளும் முகமும் லேசாக இழுக்கும் பழக்கம் கடைசி வரை போகவில்லை.

பிறகு குடும்பம் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள யாங்கர்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனது. மார்க்கோனியின் கதையைப் படித்த பையனுக்கு வயர்லெஸ் பித்துப் பிடித்தது. மாடியில் அவன் அறை முழுக்க காயில்களும் கம்பிகளும். வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரத்துக்கு ஒரு ஆன்டெனா கம்பத்தை நட்டு, தானே மேலே ஏறி வேலை செய்வான். உயரம் என்றால் அவனுக்குப் பயமே கிடையாது. இந்தக் கம்பம் ஏறும் பழக்கத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

வால்வுக்குள் ஒரு வட்டம்

1909-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தார். யாங்கர்ஸிலிருந்து தினமும் மோட்டார் பைக்கில் போய் வருவார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் மைக்கேல் பியூப்பின், அந்தக் காலத்தின் பெரிய பெயர்.

அப்போது லீ டி ஃபாரஸ்ட் என்பவர் கண்டுபிடித்த ஆடியான் என்ற மூன்று முனை வால்வு சந்தைக்கு வந்திருந்தது. இன்றைய டிரான்சிஸ்டரின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று செய்தவருக்கே தெளிவாகத் தெரியாத காலம் அது. ஆர்ம்ஸ்ட்ராங் அதை லேபில் உட்கார்ந்து அளந்து பார்த்தார். 1912-ல் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பிளேட்டில் வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தை எடுத்து, திரும்ப கிரிட்டுக்கே கொடுத்தால்? அது இன்னொரு தடவை பெருகும், மறுபடியும் பெருகும். காதில் ஹெட்போன் வைத்து உற்றுக் கேட்க வேண்டிய சிக்னல், ஹெட்போனை மேசையில் வைத்தாலே கேட்கும் அளவுக்கு ஏறியது. ஃபீட்பேக்கை இன்னும் கொஞ்சம் கூட்டினால் வால்வு தானே ஆஸிலேட் ஆக ஆரம்பித்தது. அதாவது ஒரே சர்க்யூட், ஒரு பக்கம் ரிசீவர், இன்னொரு பக்கம் டிரான்ஸ்மிட்டர். அப்போது அவருக்கு வயது 21. நம்ம ஃபைனல் இயர் வயசு.

பேடன்ட் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டார். முதலில் டிகிரியை முடி என்று அப்பா மறுத்துவிட்டார். எந்த ஊர் அப்பாவும் அப்பாதான் போல. பணத்துக்கு வழியில்லாமல், சர்க்யூட்டின் படத்தை மட்டும் வரைந்து 1913 ஜனவரி 31 அன்று ஒரு நோட்டரியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்தார். பேடன்ட் விண்ணப்பம் அதே ஆண்டு அக்டோபரில்தான் போனது. இந்த ஒன்பது மாதத் தாமதம் அவருக்கு என்ன செலவு வைத்தது என்று இப்போது பார்ப்போம்.

இருபது வருடக் கேஸ்

டி ஃபாரஸ்ட் தானும் 1912-லேயே இதைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி, பிறகு தன் பங்குக்குப் பேடன்ட் கேட்டார். இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆரம்பத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் பக்கம் காற்றடித்தது, பிறகு திசை மாறியது. பேடன்ட்கள் கைமாறிக் கைமாறிப் பெரிய கம்பெனிகள் உள்ளே வந்தன. 1928-லும் 1934-லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

சர்க்யூட் புரிந்த பல இன்ஜினியர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஜீரணமாகவில்லை. வால்வு எப்படிப் பெருக்குகிறது என்பதை அளந்து விளக்கியவர் ஆர்ம்ஸ்ட்ராங்தான் என்பது அவர்கள் கருத்து. ரேடியோ இன்ஜினியர்கள் சங்கம் தன்னுடைய முதல் கௌரவப் பதக்கத்தை இதே கண்டுபிடிப்புக்காகத்தான் அவருக்குக் கொடுத்திருந்தது. 1934-ல் தீர்ப்பு வந்ததும், சங்கத்தின் மாநாட்டில் அந்தப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். சங்கம் வாங்க மறுத்தது. கோர்ட் என்ன சொன்னாலும் எங்களுக்கு இது உங்களுடையதுதான் என்பது அதன் பொருள்.

ஆனால் யோசிச்சுப் பாருங்க. இருபது வயதில் செய்த வேலை, இருபது வருடம் கழித்து, தன்னுடையது இல்லை என்று ஆகிறது. அந்தக் காயம் அவருக்கு ஆறவே இல்லை. பின்னால் வரும் பிடிவாதத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது.

பாரிஸில் ஒரு பிளாக் டயகிராம்

முதல் உலகப் போரில் ஆர்ம்ஸ்ட்ராங் ராணுவத்தின் சிக்னல் கோரில் சேர்ந்து பாரிஸுக்கு அனுப்பப்பட்டார். மிக உயர்ந்த ஃப்ரீக்வென்சியில் வரும் மெல்லிய சிக்னல்களைப் பிடிப்பதுதான் அங்கே பிரச்சினை. அன்றைய வால்வுகளால் அந்த ஃப்ரீக்வென்சியில் நேரடியாகப் பெருக்க முடியாது.

1918-ல் அவர் கண்ட வழி இது. உயரத்தில் ஏறி வேலை செய்ய முடியாவிட்டால், சிக்னலைக் கீழே இறக்கிவிடு. உள்ளே ஒரு லோக்கல் ஆஸிலேட்டர் வை. வருகிற சிக்னலோடு கலக்கு. இரண்டின் வித்தியாசம் எப்போதும் ஒரே எண்ணாக இருக்கும்படி ஆஸிலேட்டரைத் திருப்பு. அந்த ஒரே எண்ணுக்கு மட்டும் நல்ல ஃபில்டரும் நல்ல ஆம்ப்ளிஃபையரும் செய்துவிட்டால் போதும், எந்த ஸ்டேஷன் வந்தாலும் அதே சர்க்யூட் பார்த்துக்கொள்ளும். ஏ.எம். ரேடியோவில் 455 கிலோஹெர்ட்ஸ், எஃப்.எம். ரேடியோவில் 10.7 மெகாஹெர்ட்ஸ் என்று நாம் மனப்பாடம் பண்ற இன்டர்மீடியட் ஃப்ரீக்வென்சி இதுதான். இரண்டு ஃப்ரீக்வென்சிகளைக் கலக்குவது அவருக்கு முன்பே ஃபெசன்டன் செய்தது. பிரான்ஸின் லூசியன் லெவியும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே வழியில் யோசித்தார். ஆனால் அதை வீட்டு ரேடியோ வரை வேலை செய்கிற ஒரு ரிசீவராக ஆக்கிக் காட்டியது ஆர்ம்ஸ்ட்ராங். இன்றைய சிப்களில் பல நேராகவே பேஸ்பேண்டுக்கு இறக்குகின்றன. அங்கேயும் லோக்கல் ஆஸிலேட்டர் இருக்கு, மிக்சர் இருக்கு.

1920-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி ஃபீட்பேக், சூப்பர்ஹெட்ரொடைன் பேடன்ட்களை 3,35,000 டாலருக்கு வாங்கியது. அடுத்து ஆர்.சி.ஏ. கம்பெனி இன்னொரு சர்க்யூட்டுக்குப் பணத்தோடு பங்குகளையும் கொடுத்தது. முப்பது வயது தாண்டியதுமே அவர் ஆர்.சி.ஏ.-வின் மிகப் பெரிய தனிப் பங்குதாரர்.

நண்பர் சார்னாஃப்

இந்த ஆர்.சி.ஏ.-வை நடத்தியவர் டேவிட் சார்னாஃப். 1914 ஜனவரியில், ஒரு குளிர் இரவில், ஆர்ம்ஸ்ட்ராங்கின் ரிசீவரைச் சோதிக்க இருவரும் நியூ ஜெர்சியின் பெல்மார் நிலையத்தில் ஒன்றாக உட்கார்ந்து, கடலுக்கு அப்பாலிருந்து வரும் சிக்னல்களைக் கேட்டவர்கள். அந்த நட்பு வளர்ந்தது. சார்னாஃபின் செக்ரட்டரி மரியன் மெக்கின்னிஸை ஆர்ம்ஸ்ட்ராங் காதலித்தார்.

1923-ல் ஆர்.சி.ஏ. ஒரு கட்டடத்தின் உச்சியில் ஆன்டெனா கோபுரம் நட்டபோது, நம்ம ஆள் அதன் மேல் ஏறித் தலைகீழாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். சார்னாஃபுக்குக் கோபம் வந்து, இனி கோபுரப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் மரியனைக் கல்யாணம் செய்தார். கல்யாணப் பரிசு என்ன தெரியுமா? கையில் தூக்கிப் போகக்கூடிய ஒரு சூப்பர்ஹெட்ரொடைன் ரேடியோ. இன்று பார்த்தால் அது ஒரு பெட்டி சைஸ். அன்று அப்படி ஒன்று யாரிடமும் இல்லை.

கார்சன் சொன்னதும் ஆர்ம்ஸ்ட்ராங் செய்ததும்

அன்றைய ரேடியோ முழுக்க ஏ.எம். இடி இடித்தால் கரகர, பக்கத்தில் மோட்டார் ஓடினால் கரகர. இந்தச் சத்தத்தைப் போக்க ஒரு சின்னக் கருவி கிடைக்காதா என்பது சார்னாஃபின் ஆசை.

ஃப்ரீக்வென்சியை மாற்றி அனுப்பினால் என்ன என்று பலர் ஏற்கெனவே யோசித்திருந்தார்கள். 1922-ல் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் ஜான் கார்சன் கணக்குப் போட்டு, எஃப்.எம்.-ஆல் பேண்ட்விட்த்தை மிச்சம் பிடிக்க முடியாது, அதில் பெரிய லாபம் இல்லை என்று எழுதினார். ஆமாம், நாம் படிக்கிற கார்சன்ஸ் ரூலுக்குச் சொந்தக்காரர் அவரேதான். அவர் கணக்கில் தப்பில்லை. அவர் கேட்ட கேள்விதான் வேற. எல்லாரும் பேண்டைக் குறுக்கப் பார்த்தார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் அகலப்படுத்திப் பார்த்தார்.

இடியும் மோட்டாரும் பெரும்பாலும் சிக்னலின் உயரத்தைத்தான் கெடுக்கின்றன. அப்படியானால் செய்தியை உயரத்தில் வைக்காதே, ஃப்ரீக்வென்சியில் வை. ரிசீவரில் ஒரு லிமிட்டரை வைத்து உயரத்தில் இருக்கிற மேடு பள்ளத்தை எல்லாம் வெட்டிவிடு. ஃப்ரீக்வென்சியையும் கொஞ்சமாக அசைக்காதே, பெரிதாக அசை. அப்போது நாய்ஸ் உண்டாக்கும் சின்ன அசைவு அதன் முன்னால் ஒன்றுமே இல்லாமல் போகும். பேண்ட்விட்த்தைச் செலவழித்து அமைதியை வாங்குவது என்று சொல்லலாம். இன்றைய எஃப்.எம். ஸ்டேஷனில் டீவியேஷன் 75 கிலோஹெர்ட்ஸ், ஆடியோ 15 கிலோஹெர்ட்ஸ். கார்சன்ஸ் ரூலில் போட்டால் 180 வரும், அதைச் சுற்றி 200 கிலோஹெர்ட்ஸ் ஒரு சானல். ஏ.எம். சானல் இதில் பத்தில் ஒரு பங்குக்கும் கம்மி.

1933 டிசம்பர் 26 அன்று எஃப்.எம். பேடன்ட்கள் வந்தன. 1934-ல் சார்னாஃபின் அனுமதியோடு எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 85-ஆவது மாடியிலிருந்து சோதனை. இடி மின்னலிலும் லாங் ஐலண்டில் சுத்தமாகக் கேட்டது. 1935 நவம்பரில் ரேடியோ இன்ஜினியர்கள் சங்கத்தின் கூட்டத்தில், யாங்கர்ஸில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து ஒலிபரப்பிக் காட்டினார். கிளாசில் தண்ணீர் ஊற்றும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம் எல்லாம் பக்கத்தில் நடப்பது போலக் கேட்டன. அன்றைய காதுகளுக்கு ரேடியோவில் நிசப்தம் என்பதே புதுசு.

பேண்ட் என்பது நிலம் மாதிரி

இங்கேதான் நட்பு முறிந்தது. சார்னாஃப் கேட்டது ஏ.எம். ரேடியோவில் ஒட்ட வைக்கிற ஒரு கருவி. ஆர்ம்ஸ்ட்ராங் கொண்டு வந்ததோ டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், பேண்ட் எல்லாம் புதுசாகக் கேட்கிற ஒரு முழு சிஸ்டம். ஆர்.சி.ஏ.-வின் வருமானம் ஏ.எம்.-ல் இருந்தது, கனவு டெலிவிஷனில் இருந்தது. 1935-லேயே டெலிவிஷன் வேலைக்காக எம்பயர் ஸ்டேட் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

ஆர்ம்ஸ்ட்ராங் சொந்தப் பணத்தைப் போட்டு, ஹட்சனுக்கு அக்கரையில் ஆல்பைன் என்ற இடத்தில், 400 அடிக்கு மேல் ஒரு கோபுரம் கட்டினார். அவர் வளர்ந்த யாங்கர்ஸுக்கு நேர் எதிர்க் கரை அது. அங்கிருந்து 42.8 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பு. கேட்டவர்கள் விடவில்லை. 1940-ல் அமெரிக்காவின் ஃப்ரீக்வென்சிகளைப் பங்கிடும் எஃப்.சி.சி. ஆணையம் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்.எம்.-க்கு ஒதுக்கியது. ஒவ்வொன்றும் 200 கிலோஹெர்ட்ஸாக 40 சானல்கள். ஆர்.சி.ஏ. 10 லட்சம் டாலரை மொத்தமாகக் கொடுத்து லைசன்ஸ் கேட்டது. மற்றக் கம்பெனிகள் ராயல்டி கொடுக்கும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை என்று ஆர்ம்ஸ்ட்ராங் மறுத்தார்.

போர் வந்தது. அமெரிக்க ராணுவம் தன் பேடன்ட்களை ராயல்டி இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். சிப்பாய்கள் முதுகில் சுமந்த எஸ்.சி.ஆர்.-300 என்ற வாக்கி டாக்கி, 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்த எஃப்.எம். கருவி.

போர் முடியும் நேரம், 1945 ஜூனில், எஃப்.சி.சி. ஒரு முடிவெடுத்தது. எஃப்.எம். 42-50ஐ விட்டு, 88-க்கு மேலே போக வேண்டும். சொன்ன காரணம் டெக்னிகல். கீழே இருக்கும் ஃப்ரீக்வென்சிகள் சில நேரம் அயனோஸ்பியரில் பட்டுத் திரும்பி, தூரத்து ஸ்டேஷன்களோடு மோதும். இது பொய் இல்லை. அப்படி நடப்பதுண்டு, சூரியப்புள்ளிகள் கூடும் ஆண்டுகளில் அதிகம். ஆனால் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு மோசமாக என்பதுதான் கேள்வி. கணித்தவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று ஆர்ம்ஸ்ட்ராங்கும் பல இன்ஜினியர்களும் வாதாடினார்கள். அதுவும் இல்லாமல், எஃப்.எம்.-ஐ விடக் குறுக்கீட்டை இன்னும் தாங்க முடியாத டெலிவிஷனுக்கு 44 முதல் 50 வரை சானல் 1 என்று கொடுத்தது அதே முடிவு. எஃப்.எம்.-க்கு ஆகாத இடம் டி.வி.க்கு எப்படி ஆகும்?

விளைவு என்ன? மக்கள் காசு கொடுத்து வாங்கிய லட்சக்கணக்கான எஃப்.எம். ரேடியோக்கள் பிடிக்க ஸ்டேஷன் இல்லாத பெட்டிகளாகும். ஸ்டேஷன்கள் டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா எல்லாம் மாற்ற வேண்டும். சர்க்யூட்டில் ஒரு கம்பிகூட அறுபடவில்லை, ஒரு அட்டவணையில் எண் மாறியது, அவ்வளவுதான். பேண்ட் என்பது நிலம் மாதிரி. வீடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பட்டா யார் பெயரில் என்பதுதான் கடைசியில் பேசும்.

கடைசிக் கேஸ்

இதற்கிடையில் ஆர்.சி.ஏ. தானே எஃப்.எம். ரிசீவர்கள் செய்தது. டி.வி.யின் ஒலியும் எஃப்.எம்.-தான். ராயல்டி மட்டும் வரவில்லை. 1948 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங் ஆர்.சி.ஏ. மீது கேஸ் போட்டார். விசாரணைக்கு முந்திய வாக்குமூலமே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1950 முடியும்போது அடிப்படை எஃப்.எம். பேடன்ட்களின் காலமும் முடிந்தது, அதோடு ராயல்டியும் வற்றியது. வக்கீல் செலவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு இது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அவருக்கோ வாழ்க்கையே இதுதான்.

சமரசம் செய்துகொள்ளலாம் என்று மரியன் கேட்டார். 1953 நவம்பரில், விருந்து நாள் ஒன்றில், அந்தப் பேச்சு சண்டையாகி, ஆர்ம்ஸ்ட்ராங் மனைவியைக் கையில் அடித்துவிட்டார். முப்பது வருடம் கூட இருந்த மரியன் வீட்டை விட்டுத் தன் அக்கா தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அந்த அடியை எந்தக் கண்டுபிடிப்பாலும் நியாயப்படுத்த முடியாது. அது அவருக்கே தெரிந்திருந்தது. 1954 ஜனவரி 31 இரவு, மனைவிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, ஆர்ம்ஸ்ட்ராங் தன் உயிரை முடித்துக்கொண்டார். வயது 63. தேதியைப் பாருங்க. 41 வருடம் முன்னால், இதே ஜனவரி 31 அன்றுதான் அந்தப் பையன் தன் முதல் சர்க்யூட் படத்தில் நோட்டரி கையெழுத்து வாங்கினான்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தணும். இந்த முடிவுக்குக் காரணம் ஒரு கேஸ் மட்டும் என்று எழுதினால் அது பாதிக் கதை. தனியாக ஆகிவிட்ட ஒருவர் பேச ஆள் இல்லாமல் இருந்தார் என்பதும் இதில் இருக்கு. உங்களுக்கோ ஹாஸ்டலில் பக்கத்து ரூமுக்கோ அப்படி ஒரு இரவு வந்தால், யாரையாவது எழுப்பிப் பேசுங்க. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மரியன் முடித்த வேலை

கதை அங்கே முடியவில்லை. மரியன் கேஸை விடவில்லை. அதே 1954 டிசம்பரில் ஆர்.சி.ஏ. 10 லட்சம் டாலருக்குச் சற்று மேல் கொடுத்து சமரசத்துக்கு வந்தது. 1940-ல் அவர் மறுத்த தொகையும் ஏறக்குறைய இதேதான். மற்றக் கம்பெனிகளையும் மரியன் ஒவ்வொன்றாகக் கோர்ட்டுக்கு இழுத்தார். கடைசியாக மோட்டோரோலா. 1967-ல் அதுவும் மரியன் பக்கம் முடிந்தது. எஃப்.எம். யாருடையது என்ற கேள்விக்கு அவர் இறந்து 13 வருடம் கழித்துத்தான் முழுப் பதில் வந்தது. அந்தப் பதிலை வாங்கியவர், சமரசம் செய்துகொள்ளலாம் என்று முதலில் கேட்ட அதே மரியன்.

88 முதல் 108 வரை எஃப்.எம். மெதுவாகத்தான் வேர் பிடித்தது, ஆனால் ஆழமாகப் பிடித்தது. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் ஏ.எம்.-ஐ விட எஃப்.எம். கேட்பவர்கள் அதிகமானார்கள். இந்தியாவில் அகில இந்திய வானொலியின் முதல் எஃப்.எம். சேவை 1977 ஜூலையில் மெட்ராஸிலிருந்துதான் தொடங்கியது.

காலியான வீட்டில் குடிவந்தவர்கள்

அப்போ அந்தப் பழைய 42-50 என்ன ஆச்சு? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. டெலிவிஷனின் சானல் 1 மூணே வருடத்தில், 1948-ல், அங்கிருந்து எடுக்கப்பட்டு, அந்த இடம் மொபைல் ரேடியோக்களுக்குப் போனது. 1980-களில் அமெரிக்க வீடுகளில் கார்ட்லெஸ் போன் பரவியபோது அதற்குக் கிடைத்த இடம் 46, 49 மெகாஹெர்ட்ஸ். பேஸ் 46-ல் பேசும், கையில் இருக்கும் ஹேண்ட்செட் 49-ல் பதில் சொல்லும். முதலில் 10 சானல், 1990-களில் 43-லிருந்து 50-க்குள் 25 சானல். மாடுலேஷன் என்ன? எஃப்.எம். எஃப்.எம். விரட்டப்பட்ட அதே தெருவில், கார்ட்லெஸ் போன் என்ற பெயரில் எஃப்.எம். திரும்பக் குடிவந்தது.

அனலாக் கார்ட்லெஸில் ஒரு தொல்லை. பக்கத்து வீட்டுப் போனோ ஒரு ஸ்கேனரோ அதே சானலுக்கு வந்தால் உங்க பேச்சு அப்படியே கேட்கும். அதனால் டிஜிட்டல் வந்தது. பிரிட்டனில் சி.டி.-2 என்ற ஸ்டாண்டர்ட், 864 முதல் 868 மெகாஹெர்ட்ஸில், 100 கிலோஹெர்ட்ஸாக 40 சானல். பிறகு ஐரோப்பா முழுமைக்கும் 1992-ல் டெக்ட். 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை 10 கேரியர், ஒவ்வொன்றுக்கும் இடையே 1.728 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு கேரியரிலும் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு ஃப்ரேம், அதில் 24 ஸ்லாட், போக 12, வர 12. ஆக ஒரே நேரத்தில் 120 உரையாடல்களுக்கு இடம். எந்தக் கேரியர், எந்த ஸ்லாட் அமைதியாக இருக்கிறது என்று போனே கேட்டுப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த டெக்டின் மாடுலேஷன் ஜி.எஃப்.எஸ்.கே. பிட் 1 என்றால் ஃப்ரீக்வென்சி கொஞ்சம் மேலே, 0 என்றால் கொஞ்சம் கீழே, திருப்பங்களை ஒரு காஸியன் ஃபில்டர் வழவழப்பாக்கும். உயரம் மாறாது, ஃப்ரீக்வென்சி மட்டும் மாறும். அடிப்படையில் டிஜிட்டல் சட்டை போட்ட எஃப்.எம். ப்ளூடூத்தின் அடிப்படை மோடும் இதே குடும்பம். 1990-களில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழு, கிராமங்களுக்குக் கம்பி இல்லாமல் போனும் இன்டர்நெட்டும் கொண்டுபோக உருவாக்கிய கார்டெக்ட் சிஸ்டமும் இந்த டெக்ட் ஸ்டாண்டர்ட் மேல் கட்டியதுதான்.

இன்னொரு விஷயம். ஐரோப்பாவில் வாங்கிய டெக்ட் போனை அமெரிக்காவில் ஓட்டக் கூடாது. அங்கே 1880-1900 செல்போன் கம்பெனிகள் பக்கம் போய்விட்டதால், டெக்டுக்கு 2005-ல் 1920 முதல் 1930 வரை தனி இடம் கொடுத்தார்கள். ஸ்டாண்டர்ட் ஒன்றுதான், அட்டவணை வேற. ஸ்லாட்டைப் போன் தேர்ந்தெடுக்கும். பேண்டை எப்பவும் மனிதர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நமக்கு சிலபஸில் மாடுலேஷன் சொல்லித் தருகிறார்கள், மாடுலேஷன் எங்கே குடியிருக்கும் என்று தீர்மானிக்கிற அறையைப் பற்றிச் சொல்லித் தருவதில்லை. ஸ்டாண்டர்ட் கமிட்டி, ஸ்பெக்ட்ரம் ஏலம், பேடன்ட் அலுவலகம் எல்லாம் வக்கீல்களுக்கும் எம்.பி.ஏ.காரர்களுக்கும் என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம். லேபில் சரியாக இருந்தால் போதும், மீதி தானாக நடக்கும் என்ற நம்பிக்கை ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் இருந்திருக்கும். லேபில் அவர் ஏறக்குறைய எல்லா முறையும் சரி. அறையில் அவர் ஏறக்குறைய எல்லா முறையும் தோற்றார். நாளைக்கு உங்களில் யாராவது நல்ல ஒன்றைச் செய்தால், அதற்கான பேண்ட் யார் கையில் இருக்கிறது என்றும் சேர்த்துப் படியுங்க. அந்த அறையில் ஒரு நாற்காலி கேளுங்க. கேட்டும் கிடைக்காவிட்டால், அதற்காக வீட்டில் இருக்கிறவர்களை இழக்காதீங்க.

ஆல்பைன் கோபுரம் இன்னும் நிற்கிறது. 2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையம் விழுந்து, அதன் உச்சியில் இருந்த டி.வி. ஆன்டெனாக்களும் போனபோது, நியூயார்க்கின் சில டி.வி. ஸ்டேஷன்கள் மறுபடி காற்றில் வர இடம் கொடுத்தது அதே கோபுரம்தான். பேண்ட் மாறியது, கம்பெனிகள் மாறின. உயரத்துக்குப் பயப்படாத ஒருவர் நட்ட கம்பம் மட்டும் அங்கேயே இருந்தது.